வாசகர் கேள்வி பதில்: கம்ப்யூட்டரின் முதல் ரேண்டம் எண்

கேள்வி: வணக்கம் சார். கம்ப்யூட்டர் என்பது சொன்னதை மட்டும் செய்யும் இயந்திரம். ஒரே புரோகிராமை ஒரே உள்ளீட்டோடு ஓடவிட்டால் ஒரே விடைதான் வரும். அப்படியிருக்க, இயங்குதளம் தொடங்கும்போது யாராலும் ஊகிக்க முடியாத எண்ணை எங்கிருந்து எடுக்கிறது?

பதில்: நீங்கள் சொன்னது சரிதான், உள்ளீடு மாறாவிட்டால் விடையும் மாறாது. அதனால் உள்ளீட்டுக்குள் ஊகிக்க முடியாத ஏதோ ஒன்று வெளியிலிருந்து வந்தே ஆகவேண்டும். இயங்குதளம் இதை இரண்டு வேலைகளாகப் பிரித்துக்கொள்கிறது. ஒன்று, எண்களைச் சளைக்காமல் கொட்டும் கணிதப் பொறி. லினக்ஸ் இயங்குதளத்தில் 2016-ல் வந்த 4.8 கெர்னலிலிருந்து (கெர்னல் என்பது இயங்குதளத்தின் மையப் பகுதி) இது சாசா20 என்ற மறையாக்க முறையில் ஓடுகிறது. 256 பிட் சாவி ஒன்றைக் கொடுத்துவிட்டால் போதும், அப்புறம் எவ்வளவு கேட்டாலும் கொடுத்துக்கொண்டே இருக்கும், ஆனால் அந்தச் சாவி தெரிந்தவருக்கு அத்தனை எண்ணும் தெரியும். இன்னொன்று, அந்த முதல் சாவியை, அதாவது விதையை, சம்பாதிக்கிற வேலை. கஷ்டமெல்லாம் இதில்தான்.

விதைக்கான சரக்கு வெளியுலகத்தோடு இயந்திரம் உரசும் இடங்களிலிருந்து வருகிறது. நெட்வொர்க் கார்டு, டிஸ்க், கீபோர்டு எல்லாம் பிராசசரைக் கூப்பிடும்போது "இன்டரப்ட்" வரும் இல்லையா, அது வந்த நேரத்தைக் கெர்னல் பிராசசரின் சைக்கிள் கவுண்டரை வைத்துக் குறித்துக்கொள்கிறது. அந்தக் கவுண்டர் ஒரு நொடிக்குக் கோடிக்கணக்கான முறை துடிக்கும். ஒரு நெட்வொர்க் பாக்கெட் சரியாக எந்தத் துடிப்பில் வந்தது என்பதன் கடைசி சில பிட்டுகளை வெளியில் இருப்பவர் கணிப்பது மிகக் கடினம். இப்படி ஒவ்வொரு நிகழ்வும் கொஞ்சம் நிச்சயமின்மையைக் கொண்டுவருகிறது. இதைத்தான் என்ட்ரோபி என்று பிட் கணக்கில் அளக்கிறார்கள். வந்ததையெல்லாம் எதைக் கொடுத்தாலும் குறிப்பிட்ட நீளத்துக்குக் கலைத்துச் சுருக்கும் ஹாஷ் சார்பு வழியாகக் கலந்து (லினக்ஸில் முன்பு ஷா-1, 2022 முதல் பிளேக்2எஸ்) ஒரே தொகுப்பாகச் சேமித்து, போதுமானது சேர்ந்தபின் அதிலிருந்து விதையைப் பிழிந்தெடுக்கிறார்கள்.

இதுபோக பிராசசருக்குள்ளேயே உள்ள ரேண்டம் எண் சர்க்யூட், மதர்போர்டிலுள்ள டிபிஎம் என்ற பாதுகாப்புச் சிப், இயந்திரத்தைத் தொடக்கிவைக்கும் யுஇஎஃப்ஐ ஃபர்ம்வேர் தரும் பைட்டுகள், போன முறை அணைக்கும்போது டிஸ்க்கில் எழுதி வைத்த விதை என்று வேறு ஊற்றுகளும் உண்டு. கிடைத்ததையெல்லாம் சேர்த்துக்கொள்வதுதான் நல்ல இயங்குதளத்தின் பழக்கம். சரியாகக் கலந்தால் ஒரு மோசமான ஊற்று மற்ற நல்ல ஊற்றுகளைக் கெடுக்க முடியாது, அதனால் எதையும் ஒதுக்கவேண்டியதில்லை.

கேள்வி: பூட் ஆன முதல் சில நொடிகள்தான் ஆபத்து என்று படித்தேன். அந்த நேரத்தில் யார் ரேண்டம் எண் கேட்கப்போகிறார்கள்? நான் பாஸ்வேர்டு அடிப்பதற்குள் எல்லாம் சேர்ந்துவிடாதா?

பதில்: உங்கள் லேப்டாப்பில் சேர்ந்துவிடும். நீங்கள் கீபோர்டைத் தொடுவதற்கு வெகு முன்பே முடிந்துவிடும். ஆனால் கேட்பவர்கள் உங்களுக்கு முன்பே வரிசையில் நிற்கிறார்கள். கெர்னல் தன்னையே நினைவகத்தில் எந்த இடத்தில் ஏற்றிக்கொள்வது என்று முடிவுசெய்யும்போதே ஒரு ரேண்டம் எண் வேண்டும். ஸ்டாக் வழிந்து போவதைப் பிடிக்க வைக்கும் காவல் மதிப்புக்கு ஒன்று, ஹாஷ் அட்டவணைகளை வேண்டுமென்றே நெரிசலாக்கும் தாக்குதலைத் தடுக்க ஒன்று, டிசிபி இணைப்பின் தொடக்க எண்ணுக்கு ஒன்று. இவையெல்லாம் முக்கியம்தான், ஆனாலும் இயந்திரத்தை அணைத்துப் போட்டால் மாறிவிடும்.

மாறாதது ஒன்று இருக்கிறது, அதுதான் என்னைக் கவலைப்பட வைப்பது. புதிதாக வாங்கிய ரவுட்டரோ ஃபயர்வாலோ பெட்டியிலிருந்து வெளியே வந்து முதல்முறை மின்சாரம் பார்க்கும்போது, தொலைவிலிருந்து பாதுகாப்பாக உள்நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச்-க்கான தன் சாவியையும் இணையப் பக்கத்துக்கான ஆர்எஸ்ஏ சாவியையும் தானே உருவாக்கிக்கொள்கிறது. அந்தச் சாவி பல வருடம் அப்படியே இருக்கும். அந்தப் பெட்டிக்குக் கீபோர்டு இல்லை, மவுஸ் இல்லை, சுழலும் டிஸ்க் இல்லை, பேட்டரி வைத்த கடிகாரம்கூடப் பல மாடல்களில் இல்லை, போன முறை சேமித்த விதையும் இல்லை, ஏனென்றால் போன முறை என்று ஒன்றே கிடையாது. ஒரே தொழிற்சாலையில் ஒரே ஃபர்ம்வேர் ஏற்றிய ஆயிரக்கணக்கான பெட்டிகள் அச்சு அசலாக ஒரே நிலையில் கண்விழிக்கின்றன, விழித்த கையோடு ஆயுளுக்கும் தேவையான ரகசியத்தை உருவாக்கச் சொல்கிறோம்.

2012-ல் நாடியா ஹெனிங்கர், ஜாகிர் டூருமெரிக், எரிக் வுஸ்ட்ரோ, அலெக்ஸ் ஹால்டர்மன் ஆகிய ஆராய்ச்சியாளர்கள் இணையத்தின் ஐபிவி4 முகவரிகள் முழுவதையும் அலசி, கிடைத்த பொதுச் சாவிகளை எல்லாம் சேகரித்துப் பார்த்தார்கள். ஆர்எஸ்ஏ பொதுச் சாவி என்பது இரண்டு பெரிய பகா எண்களின் பெருக்கல் தொகை. அதைப் பிரித்து அந்த இரண்டு பகா எண்களையும் கண்டுபிடிப்பது நடைமுறையில் முடியாது, பாதுகாப்பே அதில்தான் இருக்கிறது. ஆனால் இரண்டு வெவ்வேறு சாவிகளில் ஒரு பகா எண் மட்டும் பொதுவாக இருந்துவிட்டால்? அப்போது பள்ளிக்கூடத்தில் படித்த மீப்பெரு பொது வகுத்திக் கணக்கே போதும். இரண்டு பெருக்கல் தொகைகளையும் எடுத்து யூக்ளிடின் முறையை ஓடவிட்டால் பொதுவான பகா எண் கண்ணிமைக்கும் நேரத்தில் வெளியே விழும், இரண்டு சாவிகளும் ஒரே நேரத்தில் உடையும். லட்சக்கணக்கான சாவிகளை ஒன்றோடொன்று இப்படி ஒப்பிடுவதையும் சில மணி நேரத்தில் முடிக்க வழி இருக்கிறது.

ஒரு பகா எண் மட்டும் ஏன் பொதுவாக இருக்கவேண்டும், இரண்டும் அல்லவா ஒன்றாக இருக்கவேண்டும் என்று கேட்பீர்கள். இரண்டும் ஒன்றாக இருந்த பெட்டிகளும் ஏராளம், அவை முழுச் சாவியையே பகிர்ந்துகொண்டன. மற்றவற்றில் நடந்தது இது: இரண்டு ரவுட்டர்கள் ஒரே விதையோடு தொடங்கி ஒரே முதல் பகா எண்ணைக் கண்டுபிடித்தன, அதற்குள் ஒன்றில் கடிகாரம் ஒரு நொடி நகர்ந்தது அல்லது ஒரு பாக்கெட் வந்தது, அந்தச் சின்ன வித்தியாசம் கலந்ததால் இரண்டாவது பகா எண் வேறாகிவிட்டது. அதாவது என்ட்ரோபி வந்தது, ஆனால் சாவி பாதி உருவானபிறகு வந்தது. இந்த வழியில் டிஎல்எஸ் (இணையப் பக்கங்களை மறையாக்கி அனுப்பும் முறை) பயன்படுத்தும் இயந்திரங்களில் 0.50 சதவீதத்தின் ரகசியச் சாவியை அவர்களால் கணக்கிட முடிந்தது. கேட்கச் சின்ன எண்ணாகத் தெரியலாம். ஒரு பூட்டைக்கூட நெருங்கித் தொடாமல், எல்லோருக்கும் தெரியும்படி கிடக்கும் தகவலை மட்டும் வைத்து இதைச் செய்தார்கள் என்பதை யோசித்தால் அப்படித் தெரியாது. அதே ஆண்டு ஆர்யன் லென்ஸ்ட்ராவின் குழுவும் தனியாக இதே பலவீனத்தைக் கண்டுபிடித்தது.

இதன் பலனாக 2012-லேயே லினக்ஸ் மாறியது. எல்லா இன்டரப்டுகளிலிருந்தும் நேரத்தைச் சேகரிக்க ஆரம்பித்தார்கள், மேக் முகவரி (நெட்வொர்க் கார்டின் அடையாள எண்) போன்ற சாதனத்துக்கே உரிய தகவல்களையும் கலந்தார்கள். மேக் முகவரி ரகசியமே இல்லை, அதனால் அதற்கு ஒரு பிட் என்ட்ரோபிகூடக் கணக்கில் ஏற்றுவதில்லை. ஆனால் இரண்டு பெட்டிகள் ஒரே நிலையில் தொடங்காமல் இருக்க அது உதவும்.

கேள்வி: நான் எழுதிய ரேண்டம் எண் நிரலின் வெளியீட்டைப் புள்ளியியல் சோதனைகளில் ஓட்டிப் பார்த்தேன், எல்லாவற்றிலும் தேறியது. இதற்குமேல் என்ன வேண்டும்?

பதில்: அந்தத் தேர்ச்சியை வைத்துப் பாதுகாப்பைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது, மன்னிக்கவும். சாசா20-க்கு 256 பூஜ்யங்களைச் சாவியாகக் கொடுத்து ஓடவிடுங்கள், வெளியே வருவது நீங்கள் நடத்திய எல்லாச் சோதனையிலும் தேறிவிடும். ஆனால் அந்த வெளியீடு உலகில் எல்லோருக்கும் தெரிந்த ஒன்று. மேலே சொன்ன ரவுட்டர்களின் பகா எண்களும் தனித்தனியாக எடுத்துப் பார்த்தால் அருமையாகத்தான் இருந்தன. பக்கத்துப் பெட்டியிலும் அதே எண் இருந்தது என்பதுதான் பிரச்சினை, அதை ஒரு பெட்டியின் வெளியீட்டைப் பார்த்துக் கண்டுபிடிக்கவே முடியாது. எண் எப்படி இருக்கிறது என்று பார்க்காதீர்கள், விதை எப்படி வந்தது என்று பாருங்கள். ஆயிரம் முறை புதிதாக பூட் செய்து ஒவ்வொரு முறையும் வரும் முதல் எண்ணை மட்டும் சேகரித்து ஒப்பிட்டால் அது உருப்படியான சோதனை, அதில் ஒரு எண் திரும்ப வந்தால்கூட நிரலை நிறுத்திவிட்டு விதையைத் தேடிப் போகவேண்டும்.

கேள்வி: எதற்காக 256 பிட் சேரும்வரை காத்திருக்கவேண்டும்? நாலு பிட் கிடைத்தால் நாலு பிட்டைக் கலந்துவிட்டு எண் கொடுக்க ஆரம்பிக்கலாம், பிறகு கிடைக்கக் கிடைக்கச் சேர்க்கலாமே.

பதில்: நல்ல கேள்வி, பலர் இதைத் தவறாகவே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். எதிராளிக்கு உங்கள் பொறியின் நிலை தெரியும் என்று வையுங்கள் (புதிய பெட்டியின் தொடக்க நிலை எல்லோருக்கும் தெரிந்ததுதானே). நீங்கள் நாலு பிட் கலந்து ஒரு எண்ணை வெளியே விட்டால், அவர் 16 வாய்ப்புகளையும் போட்டுப் பார்த்து எது பொருந்துகிறதோ அதைப் பிடித்துவிடுவார். மறுபடி நாலு பிட், மறுபடி 16 முயற்சி. இப்படி 64 தடவை செய்தால் நீங்கள் மொத்தம் 256 பிட் கலந்திருப்பீர்கள், அவர் செலவழித்தது வெறும் 1,024 முயற்சிகள். அதே 256 பிட்டையும் வெளியே எதுவும் விடாமல் பிடித்து வைத்து ஒரே வீச்சில் கலந்திருந்தால், 2-இன் 256-ஆம் அடுக்கு என்ற எண்ணிக்கையில் அவர் முயலவேண்டும், அது யாராலும் ஆகாது. மொத்தம் ஒன்றுதான், கொடுத்த விதத்தில் இவ்வளவு வித்தியாசம்.

லினக்ஸ் இதற்காகவே எண்ணிப் பார்த்து, எல்லை தொட்டபிறகுதான் "தயார்" என்று சொல்கிறது. பூட் பதிவில் "சிஆர்என்ஜி இனிட் டன்" (crng init done) என்று ஒரு வரி வரும், தேடிப் பாருங்கள், பக்கத்தில் எத்தனையாவது நொடி என்றும் இருக்கும். ஆனால் எண்ணுவதற்கு ஒவ்வொரு நிகழ்விலும் எத்தனை பிட் இருக்கிறது என்று மதிப்பிடவேண்டும், அந்த மதிப்பீடு எப்போதுமே ஒரு ஊகம்தான். நீல்ஸ் ஃபெர்குசனும் புரூஸ் ஷ்னையரும் 2003-ல் வெளியிட்ட ஃபோர்ச்சுனா முறை இந்த ஊகத்தையே தவிர்க்கிறது. வருவதை 32 தொட்டிகளில் மாற்றி மாற்றி ஊற்றி, முதல் தொட்டியை அடிக்கடியும் அடுத்தடுத்தவற்றை அதில் பாதி, கால் என்று அரிதாகவும் பயன்படுத்துகிறது. எதிராளி பார்த்துக்கொண்டே இருந்தாலும் ஏதோ ஒரு தொட்டியில் போதுமான அளவு தேங்கி ஒரு நாள் அவரைத் தாண்டிப் போய்விடும். ஃப்ரீபிஎஸ்டி என்ற இயங்குதளம் தன் 11-ஆம் பதிப்பிலிருந்து இதைத்தான் வைத்திருக்கிறது. அழகான யோசனை. ஆனால் பூட் நேரத்துக்கு "ஒரு நாள்" என்பது உதவாது, அங்கே முதல் விதை உடனே வேண்டும், அதனால் அவர்களும் விதைக் கோப்பை நம்பித்தான் இருக்கிறார்கள்.

கேள்வி: விதைக் கோப்பு என்றால் என்ன? ரகசியத்தை டிஸ்க்கில் வெளிப்படையாக எழுதி வைப்பது சரியா?

பதில்: இயந்திரம் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போது என்ட்ரோபிக்குப் பஞ்சமில்லை. அப்போது கொஞ்சம் எடுத்து வைத்துக்கொண்டு அடுத்த பூட்டின் வறண்ட நேரத்துக்குப் பயன்படுத்துவதுதான் யோசனை. லினக்ஸில் சிஸ்டம்டி (பூட்டின்போது மற்ற சேவைகளைத் தொடக்கும் புரோகிராம்) ஒரு கோப்பில் வைக்கிறது, விண்டோஸ் ரெஜிஸ்ட்ரிக்குள் வைக்கிறது, ஃப்ரீபிஎஸ்டி பூட் அடைவில் வைக்கிறது. எனக்கு மிகவும் பிடித்தது ஓபன்பிஎஸ்டி இயங்குதளம் செய்வது: கெர்னல் ஓட ஆரம்பிப்பதற்கு முன்பே பூட்லோடர் (கெர்னலை ஏற்றும் சிறு புரோகிராம்) விதைக் கோப்பைப் படித்துக் கெர்னலிடம் கையில் கொடுத்துவிடுகிறது, அதனால் கெர்னலின் முதல் வரியிலிருந்தே நல்ல எண் கிடைக்கிறது. சிஸ்டம்டி வழியில் ஃபைல் சிஸ்டம் எழுதத் தயாராகும்வரை காத்திருக்கவேண்டியிருக்கிறது, அதற்குள் பலர் எண் கேட்டு முடித்திருப்பார்கள். இந்தக் குறையைச் சரிசெய்யத்தான் பிறகு சிஸ்டம்டி-பூட் என்ற பூட்லோடர் தன் பூட் பார்ட்டிஷனிலேயே ஒரு விதையை வைக்க ஆரம்பித்தது.

வெளிப்படையாக எழுதுவது பற்றிக் கேட்டீர்கள். டிஸ்க்கைப் படிக்க முடிந்த எதிராளி உங்கள் எஸ்எஸ்ஹெச் சாவியையே எடுத்துக்கொள்வார், விதை அவருக்கு எதற்கு. அதைவிடப் பெரிய ஆபத்து ஒரே விதை இரண்டு முறை பயன்படுவது. பூட் ஆகும்போது கோப்பைப் படித்துக் கெர்னலில் கலந்தவுடனே, வேறு எதுவும் செய்வதற்கு முன், புது விதையை அதன்மேல் எழுதிவிடவேண்டும். அணைக்கும்போது எழுதிக்கொள்ளலாம் என்று விட்டால், நடுவில் மின்சாரம் போனால் அடுத்த பூட் பழைய விதையோடு தொடங்கும். அணைக்கும்போதும் எழுதுங்கள், ஆனால் பூட்டின்போது எழுதுவதை ஒருபோதும் விடாதீர்கள்.

கோப்பில் இருப்பது இரண்டாம் முறை வருகிற பழைய விதையா என்று மென்பொருளுக்குத் தெரியாது. இதனால்தான் சிஸ்டம்டி இந்த விதையைக் கலந்துவிடும், ஆனால் நீங்கள் தெளிவாகச் சொல்லாதவரை அதை என்ட்ரோபிக் கணக்கில் வரவு வைக்காது. கண்டிப்பு அதிகமாகத் தோன்றலாம், ஆனால் அடுத்த கேள்வியைப் படித்தால் காரணம் புரியும்.

கேள்வி: கிளவுடில் ஒரு மெய்நிகர் இயந்திரத்தை நன்றாக அமைத்து, அதை இமேஜாக எடுத்து, நாற்பது சர்வர்களை அதிலிருந்து கிளப்புகிறோம். ரேண்டம் எண் விஷயத்தில் கவலைப்படவேண்டுமா?

பதில்: வேண்டும். இமேஜுக்குள் விதைக் கோப்பு இருந்தால் நாற்பதும் ஒரே விதையோடு எழும். எஸ்எஸ்ஹெச் சாவிகள் உள்ளே இருந்தால் இன்னும் மோசம், நாற்பதுக்கும் ஒரே அடையாளம். இமேஜை மூடுவதற்கு முன் விதைக் கோப்பு, எஸ்எஸ்ஹெச் ஹோஸ்ட் சாவிகள், மெஷின்-ஐடி மூன்றையும் அழித்துவிடுங்கள், முதல் பூட்டில் அவை புதிதாக உருவாகட்டும். கூடவே விர்ட்டியோ ரேண்டம் சாதனம் இணைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அது தாய் இயந்திரத்திலிருந்து உள்ளே நல்ல பைட்டுகளை அனுப்பும், முதல் பூட் பிரச்சினை அதோடு பெரும்பாலும் தீர்ந்தது.

ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்தை நினைவகத்தோடு ஸ்னாப்ஷாட் (அந்த நொடியின் முழு நகல்) எடுத்து இரண்டு இடத்தில் எழுப்பினால் வேறு கதை. இங்கே பூட்டே நடக்கவில்லை. பொறியின் சாவி நினைவகத்தில் அப்படியே இருக்கிறது, இரண்டு பிரதிகளும் ஒரே எண்களைக் கொடுக்க ஆரம்பிக்கும், இரண்டுக்குமே தான் பிரதி என்று தெரியாது. யாராவது வெளியிலிருந்து தட்டிச் சொல்லவேண்டும். அதற்காக மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் சர்வர் 2012 காலத்தில் கொண்டுவந்ததுதான் விஎம் ஜெனரேஷன் ஐடி: ஸ்னாப்ஷாட்டிலிருந்து எழுப்பும் ஒவ்வொரு முறையும் ஹைப்பர்வைசர் (மெய்நிகர் இயந்திரங்களை ஓட்டும் மென்பொருள்) ஒரு புது 128 பிட் அடையாளத்தைக் காட்டும், உள்ளே இருக்கும் இயங்குதளம் அதைப் பார்த்து உடனே மறுவிதை போட்டுக்கொள்ளும். லினக்ஸ் இதை 2022-ல் 5.18-ல் எடுத்துக்கொண்டது. அப்போதும் ஒரு இடைவெளி இருக்கிறது. கெர்னல் புதுப்பித்துக்கொண்டாலும், உங்கள் அப்ளிகேஷன் தனக்குள்ளேயே ஒரு ரேண்டம் பொறியை வைத்துக்கொண்டிருந்தால் அதற்கு இந்தச் செய்தி போய்ச்சேராது. சொந்தப் பொறி வைக்காமல் ஒவ்வொரு முறையும் கெர்னலிடமே கேட்பது நல்லது என்று நான் சொல்வதற்கு இது முக்கியமான காரணம்.

கேள்வி: டெவ்-ரேண்டம் பயன்படுத்துவதா, டெவ்-யுரேண்டமா? அலுவலகத்தில் இது பெரிய சண்டை.

பதில்: இரண்டும் வேண்டாம், கெட்ரேண்டம் அழைப்பைப் பயன்படுத்துங்கள்.

கொஞ்சம் விளக்கம். மூன்றுமே கெர்னலிடம் ரேண்டம் எண் கேட்கும் வழிகள். 1994-ல் தியோடர் சோ லினக்ஸில் டெவ்-ரேண்டத்தை எழுதியபோது, என்ட்ரோபி செலவாகித் தீர்ந்துவிடும் என்ற கவலையில், கணக்கு குறைந்தால் டெவ்-ரேண்டம் நின்றுவிடும், டெவ்-யுரேண்டம் நிற்காது என்று வைத்தார். ஒருமுறை நன்றாக விதைத்துவிட்ட மறையாக்கப் பொறி பயன்படுத்துவதால் தீர்ந்துபோகாது, ஆக ஓடும் இயந்திரத்தில் நிற்பதில் அர்த்தமில்லை. விதைப்பதற்கு முன் நிற்பதில்தான் அர்த்தம் இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால் டெவ்-யுரேண்டம் சரியாக அந்த இடத்தில் நிற்காமல் கையில் இருப்பதைக் கொடுத்துவிடும். 2014-ல் 3.17 கெர்னலில் வந்த கெட்ரேண்டம்தான் முதல் விதைவரை காத்திருந்து, அதற்குப்பின் ஒருபோதும் நிற்காத சரியான நடத்தையைக் கொண்டுவந்தது. 2020-ல் 5.6 கெர்னலில் டெவ்-ரேண்டமும் அதே போல மாறிவிட்டது. டெவ்-யுரேண்டத்தையும் அப்படியே மாற்ற 5.18-ன்போது முயன்றார்கள், சில வன்பொருள்களில் பூட் நின்றுபோனதால் திரும்பப் பெற்றுவிட்டார்கள். உங்கள் அலுவலகச் சண்டை ஓடும் சர்வரைப் பற்றி என்றால் எந்தப் பக்கம் ஜெயித்தாலும் ஒன்றுதான்.

கேள்வி: பழைய கெர்னல் உள்ள ஒரு சிறிய போர்டில் எஸ்எஸ்ஹெச் தொடங்கவே சில நிமிடங்கள் ஆகிறது. கீபோர்டைச் சொருகி நாலு பட்டனைத் தட்டினால் உடனே தொடங்கிவிடுகிறது. இது என்ன மாயம்?

பதில்: மாயமில்லை, எஸ்எஸ்ஹெச் கெட்ரேண்டத்தில் காத்திருக்கிறது, உங்கள் பட்டன் தட்டல்கள் இன்டரப்டுகளாகப் போய் மிச்சமுள்ள என்ட்ரோபியைக் கொடுக்கின்றன.

2019 செப்டம்பரில் இதேதான் பெரிய அளவில் நடந்தது. எக்ஸ்ட்4 ஃபைல் சிஸ்டத்தில் ஒரு மேம்பாடு செய்தார்கள், பூட்டின்போது டிஸ்க்கைத் தொடும் எண்ணிக்கை குறைந்தது, நல்ல விஷயம்தான். டிஸ்க் வேலை குறைந்ததால் இன்டரப்ட் குறைந்தது, இன்டரப்ட் குறைந்ததால் என்ட்ரோபி சேரவில்லை, லாகின் திரையைக் காட்டவேண்டிய புரோகிராம் ரேண்டம் எண்ணுக்காகக் காத்து நின்றது, பயனர் கையைக் கட்டிக்கொண்டு திரையைப் பார்த்தபடி இருந்ததால் புதிதாக எந்த நிகழ்வும் நடக்கவில்லை. எல்லோரும் எல்லோருக்காகவும் காத்திருந்தார்கள். ஃபைல் சிஸ்டத்தை வேகமாக்கினால் லாகின் திரை வராமல் போகும் என்று யார் எதிர்பார்ப்பார்கள். லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 5.3 வெளியாகும் நேரத்தில் அந்த மேம்பாட்டைத் தற்காலிகமாகத் திரும்பப் பெற்றார், அடுத்து 5.4-ல் தானே ஒரு தீர்வை எழுதிச் சேர்த்தார். விதை இல்லாமல் யாராவது காத்திருந்தால் கெர்னல் சும்மா இருக்காமல் ஒரு டைமரை வைத்துக்கொண்டு வேண்டுமென்றே சுற்றிச் சுற்றி ஓடி, சைக்கிள் கவுண்டரில் விழும் சின்னச் சின்ன நடுக்கங்களைச் சேகரிக்கும். பெரும்பாலும் ஒரு நொடிபோலத்தான் ஆகும். நவீன பிராசசருக்குள் கேஷ், பைப்லைன், வெவ்வேறு கடிகாரங்கள் எல்லாம் ஒன்றோடொன்று மோதுவதால் இந்த நடுக்கம் வருகிறது. அதில் எத்தனை பிட் உண்மையான நிச்சயமின்மை என்று நிரூபிப்பது கடினம், எனக்கும் அதில் முழுத் திருப்தி இல்லை. ஆனாலும் மாட்டிக்கொண்டு நிற்கும் இயந்திரத்தை யாராவது "காத்திருப்பை எடுத்துவிடு" என்று திருத்திவிடுவதைவிட இது எவ்வளவோ மேல்.

உங்கள் போர்டில் கெர்னலைப் புதுப்பிக்க முடிந்தால் அதுவே போதும், சைக்கிள் கவுண்டர் இருக்கவேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. முடியாதென்றால் போர்டில் உள்ள வன்பொருள் ரேண்டம் எண் சாதனத்துக்கான டிரைவர் ஏற்றப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள், பல சிப்களில் அது இருந்தும் யாரும் இயக்கி விடுவதில்லை. காத்திருக்காமல் இருக்க எஸ்எஸ்ஹெச்-ஐ மாற்றியமைக்க மட்டும் முயலாதீர்கள்.

கேள்வி: இன்டெல் பிராசசரிலேயே ஆர்டிராண்ட் கட்டளை இருக்கிறதே, அதை மட்டும் எடுத்துக்கொண்டால் இந்தத் தலைவலி எல்லாம் எதற்கு?

பதில்: 2012-ல் ஐவி பிரிட்ஜ் பிராசசரோடு வந்தது அது, நல்ல வடிவமைப்பு, பூட்டின் முதல் நொடியிலேயே கிடைக்கும். ஆனால் சிப்பின் உள்ளே என்ன நடக்கிறது என்று வெளியிலிருந்து பார்க்க வழியில்லை. முன்பு சொன்ன பூஜ்யச் சாவி விஷயம் இங்கேயும் பொருந்தும், வெளியே வரும் எண்ணை வைத்து உள்ளே நல்ல விதை இருக்கிறதா என்று சொல்லவே முடியாது. 2013-ல் உளவு அமைப்புகள் மறையாக்கத் தரங்களைப் பலவீனப்படுத்திய செய்தி வந்தபிறகு, ஃப்ரீபிஎஸ்டி இந்த எண்களை நேராகக் கொடுக்காமல் தன் பொறி வழியாகக் கலந்தே கொடுப்பது என்று முடிவெடுத்தது.

சதியை விடுங்கள், சாதாரணப் பிழையே போதும். 2019-ல் வந்த ஏஎம்டி ரைசன் 3000 வரிசையில் ஆர்டிராண்ட் எல்லா பிட்டும் ஒன்றாகவே இருக்கும் எண்ணைத் திரும்பத் திரும்பக் கொடுத்தது, கூடவே "வெற்றி" என்றும் சொன்னது. சிஸ்டம்டி அப்போது சில அடையாள எண்களுக்கு இதை நேராகக் கேட்டுக்கொண்டிருந்ததால் பல லினக்ஸ் இயந்திரங்கள் பூட்டே ஆகவில்லை, பயாஸ் புதுப்பித்தபின்தான் சரியானது. பூட் ஆகாமல் போனதால் கண்ணில் பட்டது என்றுதான் நான் நினைக்கிறேன். பேசாமல் அதை வைத்துச் சாவி செய்திருந்தால் தெரிந்திருக்க நாளாகியிருக்கும்.

எனவே சேர்த்துக்கொள்ளுங்கள், அதை மட்டும் நம்பாதீர்கள். விண்டோஸும் இதைத்தான் செய்கிறது: பூட்லோடரே ரெஜிஸ்ட்ரி விதை, டிபிஎம், ஆர்டிராண்ட், யுஇஎஃப்ஐ எல்லாவற்றையும் கலந்துதான் கெர்னலிடம் தருகிறது. லினக்ஸில் 2018 முதல் பிராசசரின் எண்ணை என்ட்ரோபிக் கணக்கில் வரவு வைப்பதா வேண்டாமா என்பதை நீங்களே பூட் அளவுருவில் சொல்லலாம். வேண்டாம் என்று சொன்னாலும் கலக்கத்தான் செய்யும், எண்ணிக்கையில் மட்டும் சேர்க்காது.

கேள்வி: தற்போதைய நேரத்தையும் புரோசஸ் எண்ணையும் விதையாக வைத்தால் போதாதா? நான் அப்படித்தான் செய்கிறேன்.

பதில்: விளையாட்டில் சீட்டுக் கலைக்க என்றால், பணம் சம்பந்தப்படாதவரை, செய்யுங்கள். வேறு எதற்கும் வேண்டாம். 1995-ல் நெட்ஸ்கேப் உலாவி நேரம், தன் புரோசஸ் எண், தாய் புரோசஸ் எண் மூன்றையும் விதையாக வைத்திருந்தது, இயன் கோல்ட்பர்க்கும் டேவிட் வாக்னரும் அதைப் பிரித்துக் காட்டினார்கள். 2006 முதல் 2008 மே வரை டெபியன் லினக்ஸின் ஓபன்எஸ்எஸ்எல் (மறையாக்க மென்பொருள்) தொகுப்பில் ஒரு திருத்தத்தால் மற்ற ஊற்றுகள் எல்லாம் விழுந்துபோய்ப் புரோசஸ் எண் மட்டும் விதையாக மிஞ்சியது, அதனால் ஒவ்வொரு வகை சாவிக்கும் சுமார் 32 ஆயிரம் வாய்ப்புகள்தான் இருந்தன. அத்தனையையும் முன்கூட்டியே செய்து பட்டியல் போட்டுவிடலாம், போட்டும் விட்டார்கள்.

கேள்வி: நான் இயங்குதளமே இல்லாத மைக்ரோகண்ட்ரோலரில் வேலை செய்கிறேன். கேட்பதற்குக் கெர்னல் கிடையாது. என்ன செய்வது?

பதில்: முதலில் சிப்பின் ஆவணத்தில் ரேண்டம் எண் சாதனம் பற்றிய பகுதியை வரிக்கு வரி படியுங்கள். உதாரணமாக இஎஸ்பி32-ல் அப்படி ஒன்று இருக்கிறது, ஆனால் வைஃபையோ புளூடூத்தோ இயங்கும்போதுதான், அல்லது அதற்கான இரைச்சல் ஊற்றை நீங்களே இயக்கிவிட்டால்தான், அது உண்மையான ரேண்டம் எண் தரும், மற்ற நேரங்களில் வருவதை அப்படி நம்பக்கூடாது என்று தயாரிப்பாளரே எழுதியிருக்கிறார். ரேடியோவை இயக்குவதற்கு முன் சாவி செய்துவிட்டால் போச்சு.

அப்படிச் சாதனமே இல்லையென்றால் எஸ்ரேம் நினைவகம் மின்சாரம் வந்ததும் எடுக்கும் தொடக்க மதிப்புகளைப் பலர் பயன்படுத்துகிறார்கள். பெரும்பாலான பிட்டுகள் ஒரு சிப்பில் ஒவ்வொரு முறையும் அதே பக்கம் விழும், சிறு பகுதிதான் அலையும், எனவே நிறைய பைட்டுகளைப் படித்து ஹாஷ் வழியாகச் சுருக்குங்கள். மின்சாரம் போகாமல் ரீசெட் மட்டும் ஆனால் நினைவகம் பழையபடியே இருக்கும் என்பதையும், உங்கள் சி நிரலின் தொடக்கப் பகுதி அதைப் பூஜ்யமாக்குவதற்கு முன் படித்தாகவேண்டும் என்பதையும் மறக்காதீர்கள். எங்கும் இணைக்காத அனலாக் பின்னைப் படிப்பதை மட்டும் தனியாக நம்பாதீர்கள், அதில் பெரும்பாலும் மிகக் குறைவான மாற்றமே இருக்கும்.

நான் செய்யச் சொல்வது: தொழிற்சாலையில் ஒவ்வொரு சாதனத்துக்கும் நல்ல கம்ப்யூட்டரில் எடுத்த தனி 32 பைட் விதையை ஃபிளாஷில் எழுதி அனுப்புங்கள். ஒவ்வொரு பூட்டிலும் அதைப் படித்து, கையில் கிடைத்த இரைச்சலையெல்லாம் சேர்த்து ஹாஷ் செய்து, அதிலிருந்து இரண்டு வெவ்வேறு மதிப்புகளை எடுங்கள். ஒன்றைப் புது விதையாக ஃபிளாஷில் எழுதி, எழுதியது சரியாகப் பதிந்ததா என்று திரும்பப் படித்து உறுதிசெய்தபின், மற்றொன்றைப் பொறிக்குக் கொடுங்கள். எழுதுவது தோல்வியடைந்தால் சாவி எதுவும் செய்யாமல் நிறுத்திவிடுங்கள். தொழிற்சாலையில் எழுதும் ஸ்கிரிப்ட் ஒரே விதையை எல்லாச் சாதனத்துக்கும் எழுதுகிறதா என்று இரண்டு சாதனங்களை எடுத்து நீங்களே ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.